அயலூரில் பிடிபட்டவர்கள்

நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த ஆபீஸில், விக்டோரியா மகாராணி காலத்துச் செய்தித்தாள்களின் மேல்தான் உட்கார்ந்திருந்தேன். எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடியில், கப்பல் சரக்குகளுக்குச் சுங்க வேலை பார்த்துக்கொடுக்கிற ஒரு கிளியரிங் ஏஜெண்டின் ஆபீஸ் அது. எனக்கு முன்னால் இருந்த டைப்பிஸ்ட் நெட்டையான மனிதர். அவருக்கென்று போட்ட மேஜைக்கு முன்னால் நான் உட்கார்ந்தால் டைப்ரைட்டர் என் மோவாய்க்கு நேராக வந்தது. பெரிய கிளார்க் அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பரணிலிருந்து இரண்டு தடித்த பைண்டு வால்யூம்களை இறக்கித் தூசி தட்டி என் நாற்காலியில் போட்டார். அந்தக் கட்டடம் முன்பு ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியுடையது. அவர்கள் விட்டுப்போன சாமான்களில் மதராஸ் இங்கிலீஷ் பத்திரிகைகளின் பைண்டுகளும் இருந்தன.

எனக்கு உடம்பு கூசியது. எங்கள் வீட்டில் ஒரு துண்டுத் தாளில் கால் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். இங்கே காலுக்கும் மேலே ஒரு படி போகச் சொல்கிறார்.

"அண்ணாச்சி, இது புஸ்தகம்லா? இதுமேல எப்படி உக்கார?"

"இங்கிலீஷ் சரஸ்வதி ஒண்ணும் கோவிக்க மாட்டா புள்ள. உக்காரு. வேலை கெடக்கு."

உட்கார்ந்தேன். ஆனால் மனசு கேட்கவில்லை. எதன் மேல் உட்காருகிறேனோ அதைப் படித்தாவது தீர்த்துவிடுவது என்று ஒரு பரிகாரம் வைத்துக்கொண்டேன். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது மேல் வால்யூமை எடுத்து மேஜையில் விரிப்பேன். அப்படித்தான் லண்டன் கொலைகள் எனக்கு அறிமுகமாயின.

லண்டனின் கிழக்குப் பகுதியில் ஏழைப் பெண்களை யாரோ அடுத்தடுத்துக் கொன்றிருக்கிறான். ஆள் யாரென்று தெரியவில்லை. கடைசி வரை தெரியவும் இல்லை. பெயர் தெரியாத கோபத்தில் பத்திரிகைகள் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் சூட்டி வைத்துக்கொண்டன. அந்தப் பெண்களை என்ன செய்தான் என்று விவரிக்கிற பத்திகளை நான் கையால் மூடிக்கொண்டு தாண்டிவிடுவேன். எதிரே புளிச்சாதம் இருக்கும். என்னைப் பிடித்துக்கொண்டவை பக்கத்தின் அடியில் கிடந்த சின்னச் சின்னச் செய்திகள். கொலை நடந்தது லண்டனில், ஆனால் ஆட்கள் கைதானது உலகம் பூராவும். இந்தத் துறைமுகத்தில் ஒரு மாலுமி, அந்த ஊரில் ஒரு பயணி, அமெரிக்காவில் ஒருவன், ஜெர்மனிப் பக்கம் ஒருவன். எல்லாம் தந்தியில் வந்த செய்தி என்பதால் ஐந்தாறு வரிக்கு மேல் இருக்காது.

எதற்காகப் பிடித்தார்கள் என்று பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருவன் மீசையை மழித்திருந்தான். ஒருவன் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தான். ஒருவனின் பையில் கத்தி இருந்தது, அவன் கப்பல் சமையல்காரன். கத்தியில்லாமல் அவன் எதை வைத்து மீன் வெட்டுவான்? ஒருவனுக்கு அந்த ஊர்ப் பாஷை சரியாகத் தெரியவில்லை, கேட்ட கேள்விக்கு முன்னுக்குப் பின் பதில் சொன்னான். அவ்வளவுதான், சந்தேகத்துக்கிடமான அந்நியன். கொலை செய்தவனை விட்டுவிட்டு, வெளியூருக்குப் போன பாவத்துக்கு இத்தனை பேரை உள்ளே தள்ளியிருக்கிறார்கள்.

பிடித்ததை எழுதியவர்கள் விட்டதை எழுதுவதில்லை. இதுதான் எனக்கு ஆறவே இல்லை. அடுத்த நாள் தாள், அதற்கடுத்த நாள் தாள் என்று தேடுவேன். அபூர்வமாக ஒரு மூலையில் அகப்படும். அன்றிரவு அவன் கடலில் இருந்ததாகக் கப்பல் கேப்டன் வந்து சொன்னார், அல்லது வீட்டுக்காரம்மா வந்து தன் வீட்டில்தான் தூங்கினான் என்றாள், விட்டுவிட்டார்கள் என்று ஒரே வரி. அப்படி ஒரு வரி கிடைத்தால் அன்றைக்குச் சோறு ருசியாக இருக்கும். அண்ணாச்சி என் பக்கமாகப் போகும்போதெல்லாம் கேலி செய்வார்.

"என்ன புள்ள, இன்னைக்கு எவனப் புடிச்சிருக்கான்?"

"ஒரு சமையக்காரன் அண்ணாச்சி."

"விட்டுட்டானா?"

"இன்னும் விடல. நாளைக்குப் பாக்கணும்."

"அவன் செத்து மண்ணாப் போய் எம்புட்டு வருசமாச்சு! இனிமே விட்டா என்ன, விடாட்டா என்ன?"

எனக்கென்னவோ அப்படி விட முடியவில்லை. அவனுக்கும் எங்காவது ஒரு தங்கச்சி இருந்திருப்பாள், பேப்பரைப் பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். என் அண்ணனும் சமையல்காரன், அவனும் கடலில் போகிறவன் என்பதுதான் அதற்குக் காரணம்.

எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கம். ஆற்றுப் பாசனம், நெல், வாழை. எங்கள் வகையறாவில் யாரும் கடலில் கால் நனைத்தது திருச்செந்தூரில் மட்டும்தான். என் அண்ணன் கல்யாண வீடுகளில் கரண்டி பிடிக்கப் போய், அந்த ருசியைக் கேள்விப்பட்ட ஒரு தோணித் தண்டல் அவனைக் கூப்பிட்டுக்கொண்டார். தண்டல் என்றால் தோணியின் தலைவர். அவர் தருவைகுளத்துக்காரர். கொழும்புக்கு வெங்காயமும் மிளகாயும் ஏற்றிப் போகிற பாய்மரத் தோணியில் அண்ணன் பண்டாரியாகச் சேர்ந்தான், அதாவது சமையல்காரன். அப்பா அன்றோடு அவனிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். எதுவானாலும் அம்மா வழியாகத்தான். அண்ணன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பான், அப்பா சுவரைப் பார்த்து, "உன் மவன் எப்பம் போறானாம்?" என்பார்.

அந்த வருஷம் அப்பாவுக்குக் குடலிறக்கம் முற்றி ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே தோணி கிளம்பியது. காற்று வாகாக இருந்தால் தோணி யாருக்காகவும் நிற்காது. அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, மயக்கத்தில் கிடந்தவரின் காலைத் தொட்டுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான். பிழைத்து வருவார் என்று எங்களுக்கே அன்றைக்கு நிச்சயமில்லை.

அப்பா கெட்டி. பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, சுவரைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்: "ஏளா, அங்கன கெடந்து தவிச்சுக்கிட்டு இருப்பான். நல்லாருக்கேன்னு ஒரு தந்தி அடிச்சுவிடு." ஆபீஸுக்குப் போகிற வழியில் தந்தி அடித்தேன். அப்பா நலம், வீடு திரும்பிவிட்டார் என்று இங்கிலீஷில் நாலைந்து வார்த்தை. கொழும்பில் எங்கள் ஆபீஸோடு தொடர்புள்ள ஏஜெண்டின் விலாசத்துக்கு அனுப்பினேன். அன்றைக்குப் பூரா சந்தோஷமாக டைப் அடித்தேன்.

அதற்குப் பிறகு சில நாளில் ஒரு காலை, டீக்கடையிலிருந்து யாரோ தமிழ்ப் பேப்பரைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் போட்டார்கள். உள்பக்கத்தில் ஐந்தாறு வரி. கொழும்புக் கடைத்தெருவில் ஒரு வியாபாரி கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். குத்தியவன் துறைமுகத்தின் பக்கம் ஓடியிருக்கிறான். கடற்கரையில் தூத்துக்குடித் தோணிச் சமையல்காரன் ஒருவனைப் போலீசார் பிடித்தார்கள். தலையும் மீசையும் அப்போதுதான் மழித்திருந்தது. உடுத்த துணியோடு கடலில் இறங்கி முழுகிக்கொண்டிருந்தான். தோளில் கிடந்த துண்டில் ரத்தக்கறை. தோணியில் தேடியதில் கழுவி வைத்த கத்தி. கேட்டதற்கு, தன் அப்பா இறந்துவிட்டார் என்றிருக்கிறான். ஆனால் அவன் மடியில் இருந்த தந்தியில் அப்பா நலம் என்றே இருந்தது.

நான் முதலிலிருந்து இன்னொரு தரம் படித்தேன். மத்தியானந்தோறும் நான் படித்த அதே செய்தி. மழித்த மீசை, நனைந்த துணி, கத்தி, முன்னுக்குப் பின் பேச்சு. ஒன்று விடாமல் எல்லாம் இருந்தது.

அப்பா பேப்பரை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"தந்தின்னதும் நான் செத்துட்டேன்னு முடிவு பண்ணிட்டான், கூறுகெட்ட பய. எவன்கிட்டயாவது குடுத்துப் படிக்கச் சொன்னாத்தான் என்ன?"

எங்கள் பக்கத்தில் யாரும் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டிருக்க மாட்டார்கள். தந்தி வருவது சாவுக்குத்தான். தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி, "தந்தி" என்றாலே உள்ளே ஒப்பாரி ஆரம்பித்துவிடும், உறையைக் கிழிப்பது அதற்குப் பிறகு. உசிருக்குப் போராடிக்கொண்டிருந்த அப்பாவை விட்டுவிட்டுப் போனவனுக்கு இங்கிலீஷில் ஒரு தந்தி வந்தால் அவன் என்ன நினைப்பான்? தலையை மழித்தான், உடுத்த துணியோடு முழுகினான். மகன் செய்ய வேண்டியதைச் செய்தான். இதைக் கொழும்புப் போலீஸ் ஸ்டேஷனில் யார் போய்ச் சொல்வது?

ஊரில் ஆளாளுக்கு யோசனை. பஞ்சாயத்துத் தலைவரிடம் நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கி சீல் வைத்து அனுப்பலாம் என்றார்கள். கோயில் தர்மகர்த்தாவிடமும் ஒன்று வாங்கலாம் என்றார்கள். கடலில் போகிறவன் எதற்கும் துணிந்துவிடுவான் என்று இரண்டு பேர் எங்கள் காது கேட்கவே பேசினார்கள். அவர்களுக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுதினால் நன்றாக இருக்காது. அம்மா பூஜை அறையை விட்டு வெளியே வரவில்லை. பாஷை தெரியாத ஊரில் வழக்கு ஜோடித்துவிட்டால் அண்ணன் கதி தூக்கு என்பது எல்லோர் மனசிலும் இருந்தது, ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை.

நான் பஸ் பிடித்து ஆபீஸுக்குப் போய் அண்ணாச்சியின் மேஜைக்கு முன்னால் நின்றேன். பேப்பரை நீட்டினேன். படித்துவிட்டு அவரும் நன்னடத்தைச் சான்றிதழைப் பற்றித்தான் ஆரம்பித்தார்.

"வேண்டாம் அண்ணாச்சி. நல்லவன்னு எழுதிக் குடுத்து ஒருத்தனையும் விட்டதா நான் படிக்கல. அவன் அந்த நேரத்துல எங்கன இருந்தான்னு பாத்த ஆள் நேருல போய்ச் சொன்னாத்தான் விட்டிருக்கான். அண்ணனுக்கு மொட்டை போட்டவன் ஒருத்தன் இருப்பாம்லா? துண்டுல ரத்தம்னா அது அவன் கத்தி பட்ட ரத்தம். அவனக் கூட்டிட்டுப் போகணும். தந்தி கையில வந்தது எப்போன்னு தண்டல் சொல்லணும். தந்தின்னா எங்க ஊருல என்ன அர்த்தம்னு அந்த இன்ஸ்பெக்டருக்கு யாராவது புரிய வைக்கணும்."

அண்ணாச்சி என் நாற்காலியில் கிடந்த வால்யூம்களைத் திரும்பிப் பார்த்தார். "ஆமா புள்ள" என்றார். பிறகு, "ஏஜெண்டுக்கு உடனே ஒரு தந்தி அடிச்சிருவோமா?"

"அண்ணாச்சி! இன்னொரு தந்தியா?"

அந்த நிலைமையிலும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முதலாளியிடம் அவரே போய்ப் பேசி, கொழும்புக்கு டிரங்க் கால் புக் செய்தார். லைன் கிடைக்கச் சாயங்காலமாகிவிட்டது. இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தி, நான் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னார். அந்தப் பக்கம் பேசியவர் ஏஜெண்டின் குமாஸ்தா. எங்கள் அண்ணனை அவர் முன்னே பின்னே பார்த்ததுகூட இல்லை. "நாவிதரைத் தேடிப் பார்க்கிறேன்" என்றார் அவர். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நாங்கள் பொழுதை ஓட்டினோம். நான் வால்யூம்களின் மேல் உட்கார்ந்து பில் அடித்தேன். மத்தியானங்களில் அவற்றைத் திறக்கவில்லை, தைரியம் இல்லை.

பேப்பரில் பிறகு ஒன்றும் வரவில்லை. அண்ணன்தான் வந்தான். ஒரு சாயங்காலம் தண்டல் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நிறுத்தினார். தலையில் முடி முள்முள்ளாக முளைத்திருந்தது. இளைத்திருந்தான். அம்மா அவன் முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்பா கயிற்றுக்கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். நடந்ததை அண்ணன் சொன்னான், விட்டுப்போனதைத் தண்டல் சொன்னார்.

பிடித்தபோது அவனுக்கு எதற்குப் பிடிக்கிறார்கள் என்றே புரியவில்லை. தகப்பன் செத்த துக்கத்தில், யார் என்ன செய்கிறார்கள் என்று கவனிக்கிற நிலைமையில் அவன் இல்லை. ஸ்டேஷனில் இரண்டு அறை விழுந்தது. பிறகு இன்ஸ்பெக்டர் வந்து தந்தியைப் பிரித்துப் படித்தார். அவர் சிங்களவர், கொஞ்சம் தமிழ் தெரியும். தந்தியை இவன் மூஞ்சிக்கு நேரே ஆட்டி, "பொய் சொல்றியா? உன் அப்பா உயிரோட இருக்கார். நல்லா இருக்கார். வீட்டுக்குப் போயாச்சு. இதில் எழுதியிருக்கு" என்று கத்தினார்.

"எனக்கு ஒண்ணும் ஓடல" என்றான் அண்ணன். "இன்னொரு தரம் படிங்க சாமின்னேன். படிச்சாரு. அப்பா இருக்காரான்னேன். இருக்கார்னாரு. கம்பியப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன் பாரு, என்னால நிறுத்தவே முடியல. கீழ விழுந்து அவருக்குக் கும்பிடு போட்டேன். பக்கத்துல நின்ன போலீசுக்கெல்லாம் போட்டேன். அடிச்சவனுக்கும் போட்டேன்."

இதைக் கேட்டபோது எனக்கு அந்தப் பழைய செய்திகளெல்லாம் ஒரு கணம் கண்முன் வந்துவிட்டுப் போயின. பையில் என்ன இருந்தது, துணியில் என்ன இருந்தது என்று எழுதியவர்கள், பிடிபட்டவன் முகத்தில் என்ன இருந்தது என்று ஓரிடத்திலும் எழுதியதில்லை. அந்த இன்ஸ்பெக்டர் அண்ணன் முகத்தைப் பார்த்திருக்கிறார்.

ஏஜெண்டின் குமாஸ்தா சொன்னபடியே நாவிதரைத் தேடிக் கண்டுபிடித்து, வேலையைப் போட்டுவிட்டு வரச் சொல்லி, தண்டலையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். குத்து நடந்த நேரத்தில் இவன் தன் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு அழுததாகவும், அழுகையில் தலை ஆடியதால்தான் கத்தி பட்டதென்றும் நாவிதர் சொன்னார். குமாஸ்தா தந்தியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி நிறுத்திவிட்டாராம். தன் கிராமத்திலும் தந்திச் சேவகனைக் கண்டால் தன் அம்மா வாசலிலேயே மாரில் அடித்துக்கொள்வாள் என்றாராம். பிறகு குமாஸ்தா மூலமாகத் தண்டலிடம் சொன்னது இது: "தன் பொய் வெளிப்பட்டுவிட்டதென்று தெரிந்தால் குற்றவாளி முகம் கறுத்துப்போகும். இவன் சந்தோஷத்தில் பைத்தியம் மாதிரி சிரித்தான். அன்றைக்கே எனக்குத் தெரியும், இவன் இல்லை. ஆனால் சிரிப்பைக் காட்டி ஒருவனை விட முடியாதே. யாராவது வர மாட்டீர்களா என்று நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்."

அந்த இன்ஸ்பெக்டரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. நாவிதரின் பெயரும் குமாஸ்தாவின் பெயரும் தெரியாது. எங்கள் வீட்டில் விளக்கேற்றும்போது, பெயர் தெரியாத அந்த மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் அம்மா கும்பிட்டாள். நான் இன்றைக்கும் கும்பிடுகிறேன். குத்தியவன் அகப்பட்டானா என்று தெரியவில்லை.

அன்று தண்டல் காப்பி குடித்துவிட்டுப் போனார். உயிரோடு இருக்கிற தகப்பனுக்கு மகன் மொட்டை போட்டது ஆகாது, ஏதாவது பரிகாரம் கேட்க வேண்டும் என்று அம்மா மெல்ல ஆரம்பித்தாள். அப்பா அவளைக் கையமர்த்தினார். சுவரைப் பார்க்கவில்லை, நேராக அண்ணனைப் பார்த்தார்.

"இங்கன வாலே."

அண்ணன் போய்க் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்தான். அப்பா அவன் தலையில் கையை வைத்து அந்த முள்முடியை முன்னும் பின்னுமாகத் தடவினார்.

"முழுகும்போது மூணு தரம் முழுகுனியா?"

"ஆமாப்பா."

"துணியோடயா?"

"துணியோடதான்."

"நீ கடலுக்குப் போறேன்னு நின்ன அன்னையிலேருந்து எனக்கு ஒரே பயந்தாம்லே. நான் கண்ண மூடுனா, தலைக்கு ஊத்திக்கிட எம் மவன் கரையில இருப்பானா, இல்ல எங்கயாவது நடுக்கடல்ல சோறு வடிச்சுக்கிட்டு இருப்பானான்னு. அதான் உனக்கு மூஞ்சி குடுக்கல." அவர் கை அவன் தலையிலேயே இருந்தது. "இப்பம் பாத்துட்டேன். எங்கன இருந்தாலும் செஞ்சிருவே. எந்த அப்பனுக்குலே இதக் கண்ணால பாக்கக் கெடைக்கும்?"

அண்ணன் அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். அம்மா பரிகாரத்தைப் பற்றிப் பிறகு பேசவில்லை. அடுத்த தோணி கிளம்பிய அன்றைக்கு, ஆபரேஷன் செய்த வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, அப்பா பஸ் ஏறித் தூத்துக்குடி வரை வந்து அவனை வழியனுப்பினார்.